ஸ்டாப்வாட்ச் மேடம்

"அந்தப் படத்துல காலியாக் கெடக்கே ஒரு நாற்காலி, அது யாரு நாற்காலி மேடம்?"

கேட்ட பெண்ணின் கையில் காபித் தட்டு இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். சிறுதொழில் செய்கிறவர்கள் கூடியிருந்தார்கள். மேடையில் நான். எனக்குப் பின்னால் திரையில் இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஒன்றின் புகைப்படம். ஆஸ்பத்திரிக்குப் போகும் காஸ் என்ற மெல்லிய வலைத்துணியை மடிக்கிற பெண்கள், தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க் போட்டு, ஒரே வரிசையில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையை அமைத்தவள் நான். அதைத்தான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். வரிசையின் கோடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததை, அந்தப் படத்தை எத்தனையோ ஊரில் காட்டியும், நான் கவனித்ததே இல்லை.

"அது முக்கியமில்லைங்க" என்றேன் மைக்கில். "வேலைமுறை மாறும்போது ஒன்றிரண்டு நாற்காலி காலியாகத்தான் செய்யும். அது நல்ல அறிகுறி."

சபை சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். மேடைக்கு ஏறி வந்து, என் முன்னால் ஒரு டம்ளர் காபியை வைத்தார்.

"அது என் நாற்காலி மேடம். சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன். கம்பெனிக்கு வரும்போதே நீங்க கம்மியாத்தான் குடிப்பீய."

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பாத்திமுத்து. மாஸ்க் இல்லாமல் அவர் முகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் இதையெல்லாம் போனில் பிடித்துவிட்டான். நான் வீடு போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

குற்றம் சொல்லிக் கூலி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் எஸ்தர். பிறந்தது வத்திராயிருப்பு. அப்பா தேங்காய் வியாபாரி. நான் வியாபார ஆலோசகர். கோயம்புத்தூரில் பெரிய கம்பெனிகளில் பழகிவிட்டு, சொந்தச் சீமைக்கே திரும்பி வந்து கடை விரித்தேன். கன்சல்டன்ட் என்று அட்டையில் போட்டிருக்கும்.

என் அம்மாவிடம் யாராவது உங்க மக என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், "ஊரு ஊராப் போயி அடுத்தவன் கடையில குத்தம் சொல்லிட்டு வாரா. அதுக்குச் சம்பளம் வேற குடுக்கானுவ" என்பாள். இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சொன்ன குற்றமெல்லாம் சரியாக இருந்ததா என்றால், இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரரிடம், வாசலில் இருக்கும் அடுப்பைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். புகை, சூடு, இடநெருக்கடி என்று காரணங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். தெருவில் போகிறவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பது பால் சுண்டுகிற வாசனைதான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. கொஞ்ச நாளிலேயே அடுப்பு பழையபடி வாசலுக்கு வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. எப்போது போனாலும் கால் கிலோ பொட்டலம் கட்டிக் கொடுத்து, "அடுப்பு இருக்க எடம் சரியா இருக்கான்னு செத்த நேரம் பாத்துட்டுப் போங்க மேடம்" என்பார். திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளைமார் கோபம்

அடுத்தது மாப்பிள்ளை விவகாரம். அது கொஞ்சம் பெரிசு.

இராஜபாளையத்தில் ஒரு கூட்டத்தில், எங்கள் பக்கத்து மில்கள் சில ஏன் நொடிக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். பஞ்சு விலை, மின்வெட்டு என்று எல்லோரும் சொன்னதையே சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். சனி நாக்கில் உட்கார்ந்திருந்தது. "மகளைக் கட்டிக் கொடுங்க, நகை போடுங்க, சீர் செய்யுங்க. ஆனா மில்லுல மேனேஜர் நாற்காலியைச் சீரோட சேத்துக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் பாதிப் பேர் மாமனார்கள். இரண்டாம் வரிசையில் பாதிப் பேர் மாப்பிள்ளைகள். கைதட்டல் வந்தது மூன்றாம் வரிசையிலிருந்துதான்.

அப்புறம் என்ன, கண்டன அறிக்கை, தொலைக்காட்சியில் விவாதம், ஒரு மில் என் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒரு மாப்பிள்ளை துண்டுப்பிரசுரமே அடித்தார்: 'எஸ்தர் அம்மையாரின் கணவர் யாருக்கு மாப்பிள்ளை?' என் வீட்டுக்காரர் செல்வராஜ் பள்ளிக்கூட வாத்தியார். பிரசுரத்தைப் படித்துவிட்டு, "உங்கப்பா எனக்கு நாற்காலி வேண்டாம், ஒரு குலை தேங்காயாவது குடுத்திருக்கலாம்" என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

மறைப்பானேன், அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் திட்டினால் பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள். தைரியசாலி என்று பெயர் வருகிறது. நான் சொல்வதெல்லாம் சரி என்ற நினைப்பு அந்த நாட்களில்தான் தலைக்கு ஏறியது. அந்தத் தலையோடுதான் பேண்டேஜ் கம்பெனிக்குள் நுழைந்தேன்.

எதிரும் புதிருமாக ஒரு மேசை

முதலாளி பெயர் கோபால். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். ஆச்சரியம் வந்துவிட்டால் மட்டும் எங்கே இருந்தாலும் தெலுங்கில் "அவுனா!" என்பார், அப்படியா என்று.

அந்தக் கம்பெனியின் மடிப்புக் கூடம் நீளமானது. இரண்டு பக்கச் சுவரிலும் உயரமான ஜன்னல்கள். நடுவே ஒரு நீள மேசை. அதன் இருபுறமும் பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி போகக் கழுவி வெளுத்த துணிக்கு ஒரு வாசனை உண்டு, மழை நின்றதும் சுண்ணாம்புச் சுவரில் வருமே, அதுபோல. கூடம் முழுக்க அந்த வாசனையும் பேச்சுச் சத்தமும்தான்.

வெட்டி வைத்த துண்டு ஒன்றை எடுப்பார்கள். இரண்டு முனையைப் பிடித்து முகத்துக்கு நேரே ஒரு கணம் தூக்குவார்கள். பிறகு மேசையில் போட்டு, வெட்டுவாய் உள்ளே போகும்படி மடிப்பார்கள். எடுத்து, தூக்கி, மடித்து. எல்லோரும் அப்படித்தான். ஆனால் யாருடைய கண்ணும் தன் கைத்துணியில் இல்லை. எதிரே இருப்பவளைப் பார்த்துக்கொண்டு வாய் ஓயாமல் கதை பேசினார்கள்.

நான் ஸ்டாப்வாட்சை எடுத்தேன்.

நாள் கணக்கில் நின்று ஒவ்வொருவரையும் அளந்தேன். எல்லோரிலும் மெதுவானவர் பாத்திமுத்து. துணியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்ப்பார், இந்தப் பக்கம் பார்ப்பார், திடீரென்று "ஏட்டி, நூலு!" என்பார். எதிரே இருப்பவள் எதையோ பிய்த்துப் போடுவாள். நான் அளக்கும்போது என்னைப் பார்த்து ஒருமாதிரி சிரிப்பார். கண் மட்டும்தான் தெரியும். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அப்போதே எனக்கு ஒரு குறுகுறுப்பு இருந்தது. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அறிக்கையில் எழுதினேன்: 'துணியைத் தூக்கிப் பிடிப்பது தேவையற்ற அசைவு. எதிரெதிராக அமர்வதால் கவனம் சிதறுகிறது.' மிக மெதுவானவர் என்று பெயரும் போட்டேன். ஒரு மனுஷியின் பெயரை அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

மேசையைப் பிரித்து, நாற்காலிகளை ஒரே பக்கம் திருப்பினோம். தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று சொன்னோம். வேலை வேகமாக நடந்தது. கோபால், "அவுனா!" என்றார். பாத்திமுத்துவை நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சுவரொட்டி

காபி வீடியோ பரவிய பிறகு எனக்கு வந்த பெயர்தான் தலைப்பில் இருப்பது. இராஜபாளையத்தில் சுவரொட்டியே ஒட்டினார்கள்: 'உழைக்கும் பெண்களை அளக்கும் ஸ்டாப்வாட்ச் மேடமே, உன் நாக்கை அளந்து பேசு!' பழைய மாப்பிள்ளைகள் செலவை ஏற்றுக்கொண்டதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், இத்தனை வருஷம் தோத்திரம் என்று கும்பிட்டவர்கள் செருப்புத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்கள்.

இதையும் ஒரு சண்டையாகப் பார்த்து நான் ஜெயித்திருப்பேன். பேட்டி கொடுக்கக்கூட வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அப்போதுதான் கோபால் கூப்பிட்டார்.

கம்பெனிக்குப் போனேன். அவர் மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி. அனுப்பிய சரக்கு திரும்பி வந்திருந்தது. மடிப்பைப் பிரித்துக் காட்டினார். ஓரத்தில் பிரிந்த நூல். இன்னொன்றில் மடிப்புக்குள்ளே ஒரு தலைமுடி. அறுவை செய்த புண்ணுக்குள் வைக்கிற துணி அது. நூல் உள்ளே தங்கிவிட்டால் புண் சீழ் பிடிக்கும்.

"எல்லாம் அசட்டை மேடம்" என்றார். "அம்புட்டுப் பேரையும் மாத்திட்டு புது ஆளு எடுக்கப் போறேன். சரக்கு வாங்குறவங்களுக்குக் காட்டணும். ஆளுங்க மேலதான் தப்பு, முறை மேல இல்லேன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க பேரும் தப்பிக்கும், என் பேரும் தப்பிக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை தெரிந்தது. பேச்சில்லாமல், தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பிழைப்பு இந்த அறையில் ஒரு தாளில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

எழுத உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பக்கம் எழுதியும் விட்டேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. மனசாட்சி என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தடுத்தது சாதாரணக் குறுகுறுப்பு. அதே பெண்கள், அதே துணி, அதே கத்தரி. முன்னே வராத நூல் இப்போது ஏன் வருகிறது? இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அதை மாற்றியது நான்.

பெட்டியிலிருந்து நாலு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

எது முதலில்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் பாத்திமுத்துவின் வீடு. வாசலுக்கு நேரே உட்கார்ந்து, சமையல் காண்ட்ராக்டருக்காக ஒரு கூடைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. எதுக்கு வந்திய?"

"ஒரு சந்தேகம் கேக்கணும் அக்கா."

"மன்னிப்புக் கேக்க வந்தியளோன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்."

"எது மொதல்ல?"

கொஞ்சம் யோசித்தேன். "சந்தேகம்" என்றேன்.

பூண்டுத்தோல் பறக்கச் சிரித்துவிட்டார். "நீங்க திருந்த மாட்டிய. சரி, கேளுங்க."

துணியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மொத்தப் பேரையும் நிறுத்தப்போகிறார்கள் என்றதும் அவர் கை நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை வாங்கி ஆராய்ந்தார். பிறகு என்னை வாசலுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"தூக்கிப் பிடிங்க. என்ன தெரியுது?"

"வெள்ளைத் துணி."

"எனக்கு நூலு தெரியுது. இந்தா, ஒங்க எடது கைப்பக்கம். இந்தா, நடுவுல ஒரு கண்ணு விட்டிருக்கு. வெளிச்சம் ஒங்க முதுகுப் பக்கமிருந்து துணி வழியா எனக்குத்தான் வருது. பிடிச்சவளுக்குத் தெரியாது மேடம். எதுத்தாப்புல இருக்கவளுக்குத்தான் தெரியும்."

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் பிடித்தார், நான் பார்த்தேன். வாசல் வெளிச்சத்தில் துணி சல்லடை போல விரிந்தது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. நூல்.

அவர்கள் எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளவள் துணியை எதிர்ப்பக்கத்துக்காரி சோதித்தாள். நான் வீண் என்று வெட்டிய அந்த ஒரு கணம்தான் சோதனையே. பாத்திமுத்து மெதுவாக இருந்தது, எதிரே மூன்று நான்கு பேர் துணியைச் சேர்த்துப் பார்த்ததால். அவரை நிறுத்தினோம். மற்றவர்களைத் திருப்பி உட்கார வைத்தோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், புதையலைக் கண்டது போல சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அதற்குமுன் தெரியாது.

"அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"நீங்க எங்க எங்ககிட்ட கேட்டிய? வாச்சுகிட்டதான் கேட்டிய." துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அவரே சொன்னார்: "ஒங்களயும் குத்தம் சொல்லக்கூடாது. இது ஒரு வேலைன்னு எங்களுக்கே தெரியாது மேடம். வந்த நாள்லருந்து அப்பிடித்தான் உக்காருவோம், பாப்போம். நீங்க எடுத்துட்ட பொறவுதான் ஏதோ கொறையுதுன்னு தெரிஞ்சுது."

"நான் அளக்கும்போது சிரிச்சீங்களே, அது ஏன்?"

"நீங்களும் எங்கள மாதிரியே அடுத்தவ துணியைத்தான் பாக்கிய. ஆனா வெளிச்சம் இல்லாத பக்கம் நின்னு பாக்கியளேன்னு சிரிப்பு வந்துச்சு."

அடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

"என்னைய முக்கியமில்லேன்னு ஒரு அறைக்குள்ள வச்சா சொன்னிய? சபையில சொன்னிய. சபையிலயே வச்சுச் சொல்லுங்க. அங்க மடிக்கிறவிய வேலை போகாம இருக்கட்டும்."

அதே மண்டபம்

பாதிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முழுப்பக்கம் எழுதினேன். சிறுதொழில் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேச நேரம் கேட்டேன். செல்வராஜ் சட்டைக்குப் பட்டன் போட்டபடியே, "டாக்டர் மருந்து மாத்திக் குடுத்தேன்னு மைக்குல சொன்னா அப்புறம் யாரு வருவா?" என்றார். சொல்லிவிட்டு அவரும் கூடவே வந்தார்.

மேடையில் அதே படத்தைப் போட்டேன். எழுதிவைத்த தாளைப் படித்தேன். மடித்த பெண்கள்மேல் தப்பில்லை, அவர்களைத் திருப்பி உட்காரவைத்த என் அறிக்கைதான் தப்பு, திரும்பி வந்த சரக்குக்கு நான்தான் காரணம் என்று வாசித்தேன். "அந்தக் காலி நாற்காலி பாத்திமுத்துவோடது. அந்தக் கூடத்துலேயே முக்கியமான நாற்காலி அதுதான்" என்று சொன்னேன். கூட்டத்திலிருந்து இரண்டு பேரை மேடையில் எதிரெதிரே உட்காரவைத்து, விளக்கு வெளிச்சத்தில் துணியைப் பிடித்துக் காட்டினேன். முன்வரிசையிலிருந்து கோபாலின் "அவுனா!" கேட்டது. இந்த முறை மெல்லிய குரலில்.

பின்னாலிருந்து ஒரு மாப்பிள்ளை எழுந்தார். "அப்போ எங்களப் பத்தி நீங்க சொன்னதும் தப்புதானே மேடம்?"

"அதுல மாற்றமில்ல" என்றேன். அன்றைக்குச் சபை வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

சிரித்தவர்களில் சிலர் மறுமாதமே என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வெளியூரில் பேசக் கூப்பிட்டிருந்தவர்கள் தேதியைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தபடியே இருக்கிறார்கள். தப்பை ஒத்துக்கொண்டால் மதிப்புக் கூடும் என்று நானே பல கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கூடவில்லை.

கோபால் யாரையும் நிறுத்தவில்லை. மேசையைச் சேர்த்துப்போட்டு நாற்காலிகளைப் பழையபடி திருப்பினார். பாத்திமுத்துவுக்கு ஆள் அனுப்பினார். அவர் ஒரு நிபந்தனையோடு ஆளைத் திருப்பி அனுப்பினார்: 'நான் வாரேன். மொத நாளு மேடம் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து மடிக்கணும்.'

ஒரு நாள் கூலி வேலை

தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு நேர் எதிரே பாத்திமுத்து.

எடுத்து, தூக்கி, மடித்து. முதல் துண்டு கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். பக்கத்தில் இருந்தவள் நான் ஒன்றை மடிப்பதற்குள் அடுக்கையே முடித்துவிட்டாள். யாரும் என்னிடம் பேசவில்லை. 'மேடம் தண்ணி வேணுமா' என்பதோடு சரி. மேசையின் மற்ற இடங்களில் யாரோ ஒருத்தியின் நாத்தனார் கதை ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கம் வரும்போது மட்டும் அது குரல் தாழ்ந்தது.

கூடத்திலேயே மிக மெதுவானவள் நான்தான். அளக்க ஆள் இல்லை, அவ்வளவே.

எத்தனையாவது துண்டோ தெரியாது. நாத்தனார் அடுத்து என்ன செய்தாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டே துணியைத் தூக்கிப் பிடித்தேன். மடிக்கக் கீழே இறக்கினேன்.

"ஏட்டி எஸ்தரு, நூலு!"

நாத்தனார் கதை பாதியில் நின்றது. பாத்திமுத்து தான் சொன்னதைத் தானே கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கண் என் துணியில்தான் இருந்தது.

நூலைப் பிய்த்துப் போட்டேன். மறுபடியும் தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.

"ம், மடி" என்றார்.